கேட்கப்படாத சாட்சிகள்: கஞ்சா, சட்டம், கும்மிடிப்பூண்டி

1

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்பது பற்றித் தமிழில் விவாதம் என்று ஒன்று நடந்ததாகச் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று காது கொடுக்காத இரண்டு பேச்சுகள்தான் நடக்கின்றன. ஒரு பேச்சு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் படித்த நகர்ப்புற இளைஞர் வட்டங்களிலும் நடப்பது. கனடா 2018இல் அனுமதித்துவிட்டது, ஜெர்மனி 2024 ஏப்ரலில் அனுமதித்துவிட்டது, சிவனுக்கே உகந்த மூலிகையை நாம் மட்டும் ஏன் தடை செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. இன்னொரு பேச்சு காவல்துறையின் செய்திக் குறிப்புகளில் நடப்பது. இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது என்ற எண்ணிக்கைதான் அதன் இலக்கணம். முதல் பேச்சில் கஞ்சா என்பது தனிமனித உரிமை. இரண்டாவதில் அது சமூகத்தைப் பிடித்த நோய். கஞ்சாவோடு உண்மையில் வாழ்கிறவன் - அதை விளைவிக்கிறவன், சுமக்கிறவன், ஷிப்ட் முடிந்து வந்து இழுக்கிறவன், அவன் வீட்டுப் பெண் - இரண்டு பேச்சிலுமே இல்லை.

இந்த இல்லாமை சும்மா நேர்ந்துவிட்டதல்ல, அதற்கு நூற்று முப்பது வருட வரலாறு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதைப் பேசக் கும்மிடிப்பூண்டி பொருத்தமான இடம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, இந்தப் பக்கம் எளாவூர் சோதனைச் சாவடி. விசாகப்பட்டினத்து மலைகளிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இதன் வழியாகத்தான் போகின்றன. நடுவில் சிப்காட். இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், அவற்றில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள். கஞ்சா விளையும் இடமும் விற்கும் இடமும் பிடிபடும் இடமும் ஒரே கோட்டில் சந்திக்கிற ஊர் இது.

இங்கே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்று விதமான பேச்சு காதில் விழும். 'கஞ்சாவால ஊரே நாறிப்போச்சு, புடிச்சு உள்ள போடணும்' என்பது ஒன்று. 'வடக்கத்திப் பசங்க வந்த பிறகுதான் இந்தக் கருமமெல்லாம்' என்பது இன்னொன்று. மூன்றாவது, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவது: 'சரக்கை கவர்மெண்டே கடை போட்டு விக்குது, இதை மட்டும் ஏன் புடிக்கறான்?' இந்த மூன்றுக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. நடுவில் உள்ளதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கஞ்சா வடக்கிலிருந்து நேற்று ரயிலேறி வந்ததல்ல. சென்னை மாகாணத்தில் அரசு உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் இருந்தன. ஜவ்வாது மலையில் அது பயிரானது. அன்று இதே மாகாணத்தில் இருந்த கிருஷ்ணா மாவட்டத்திலும் பயிரானது. சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி, சிவமூலி, ஆனந்தமூலி என்றெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. லேகியமாகத் தின்றவர்கள் உண்டு, சிலும்பியில் புகைத்தவர்கள் உண்டு. அந்நியம் என்று நாம் இன்று சுட்டிக் காட்டுவது நம் தாத்தாக்களின் கடைத்தெருவில் கிடைத்த சரக்கு.

2

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக இருந்தவர் அவர். இந்தியாவில் கஞ்சா மக்களைச் சீரழிக்கிறதா, அதை ஏன் தடை செய்யவில்லை என்பது அவர் எழுப்பிய பிரச்சினை. அதன் விளைவாக அந்த ஆண்டு ஜூலையில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் டபிள்யூ. மேக்வொர்த் யங். உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். எழுபது கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று தயாரானது. நாடு முழுக்க 1193 சாட்சிகள் வாய்மொழியாகவோ எழுத்திலோ பதில் சொன்னார்கள். 1894இல் ஏழு தொகுதிகளாக, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் அறிக்கை வந்தது. போதைப்பொருள் ஒன்றைப் பற்றி அதற்கு முன்னால் எந்த அரசும் இவ்வளவு விரிவாக விசாரித்ததில்லை.

அறிக்கை வந்தடைந்த முடிவு கெய்னுக்கு உவப்பானதல்ல. அளவோடு பயன்படுத்தினால் உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ பெரிய கேடில்லை. மிதமிஞ்சினால் கேடு. மிதமிஞ்சுகிறவர்கள் சிறு பகுதியினர். முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை. தடுத்தால் ஏழைகள் இதைவிட மோசமான ஒன்றுக்குப் போவார்கள். ஆகவே வரி விதித்து, உரிமம் கொடுத்து, கட்டுக்குள் வைத்திருப்பதே வழி. இதற்குப் பிறகுதான் சென்னை மாகாணம் பயிரிடுதலைச் சில இடங்களுக்குள் சுருக்கி, விளைச்சலை அரசுக் கிடங்கில் வைத்து, தீர்வை கட்டி எடுக்கும் முறையை இறுக்கியது.

கஞ்சா ஆதரவாளர்கள் இன்று இந்த அறிக்கையை வேதம்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். வெள்ளைக்காரனே சொல்லிட்டான் என்ற தொனி. நான் அப்படி வாசிக்க மாட்டேன். வரி வாங்குகிற அரசு, வரி தரும் பொருள் கெட்டதல்ல என்று கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். அபினியைப் பற்றி அதே சமயத்தில் அமைந்த ராயல் ஆணைக்குழுவும் ஏறத்தாழ இதே ரீதியில்தான் முடித்தது. இன்னொன்று, இங்கே மூன்று இந்திய உறுப்பினர்களில் இருவர் - ராஜா சோஷி சிகரேஷ்வர் ராய், லாலா நிஹால் சந்த் - மாறுபட்ட குறிப்பு எழுதினார்கள். தாராளமான முடிவு ஆள்பவனுடையது, ஒழுக்கம் சார்ந்த தயக்கம் ஆளப்படும் மேட்டுக்குடியினுடையது. பின்னால் தேசியம் இந்தத் தயக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

சாட்சிகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1193 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரசு அதிகாரிகளும் அரசு மருத்துவர்களும். வைத்தியர்கள் உண்டு, வியாபாரிகள் உண்டு, பாதிரிமார் உண்டு, பயிரிடுகிறவர்களும் உண்டு. ஆனால் கூலி வேலை செய்து களைத்து வந்து கஞ்சா புகைத்தவன், 'நான் இதற்காகத்தான் புகைக்கிறேன்' என்று சொல்ல இடம் அநேகமாக இல்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் சொன்னார்கள். பெண் குரல் என்பது இல்லவே இல்லை எனலாம். இவ்வளவு குறையோடும், அந்த ஆணைக்குழுவிடம் நமக்கு இன்றில்லாத ஒன்று இருந்தது. அது கேள்வி கேட்டது. மாறுபட்ட பதில்களைப் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டது.

3

அந்த அறிக்கையில் மனநல விடுதிகளைப் பற்றிய பகுதி, இப்பத்திரிகையின் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டியது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்கும் என்பது அன்றே பொதுப்புத்தியாக இருந்தது. ஆதாரம், விடுதிகளின் புள்ளிவிவரம். 1892ஆம் ஆண்டில் இந்திய மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்களில் 222 பேருக்கு நோய்க்குக் காரணம் கஞ்சா வகை என்று பதிவாகியிருந்தது. ஆணைக்குழு ஒவ்வொரு நேர்வையும் எடுத்து மறுபடி விசாரித்தது. ஊருக்கு ஆளனுப்பி, குடும்பத்தாரைக் கேட்டு, பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்ததில் 98தான் தேறியது. அதிலும் வேறு காரணம் கலக்காதவை 61.

மற்றவை எப்படி வந்தன? ஒரு ஆள் தெருவில் பிதற்றிக்கொண்டு திரிகிறான். போலீஸ்காரர் பிடித்து வருகிறார். சேர்க்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விடக்கூடாது. ஆளின் கதை யாருக்கும் தெரியாது. கஞ்சா என்று எழுதிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும். விடுதி மருத்துவர் அதையே ஏட்டில் ஏற்றுகிறார். வருட முடிவில் ஏடு புள்ளிவிவரமாகிறது. புள்ளிவிவரம் மருத்துவ அறிவாகிறது. அந்த அறிவைப் படித்த அடுத்த போலீஸ்காரருக்குத் தெருவில் பிதற்றுகிறவனைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிடுகிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன என்று ஃபூக்கோவைத் துணைக்கு அழைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் இவ்வளவு அப்பட்டமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட சென்னை விடுதியும் இந்த ஏட்டு உலகத்தைச் சேர்ந்ததுதான்.

இதைச் சொல்வதால் கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. அந்த 61 பேர் நிஜம். பதின்வயதில் தொடங்கி தினசரி புகைப்பவர்களிடம், குறிப்பாக வீரியம் கூடிய வகைகளைப் பயன்படுத்துபவர்களிடம், மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதியாகவே சொல்கின்றன. நம் பக்கத்து முற்போக்காளர்கள் சிலர் இதைக் கேட்டதும் மருத்துவ மேலாதிக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனம். கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்று கேட்பது ஒரு வேலை. கட்டத்துக்குள் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்தாக வேண்டும்.

4

விசாரணையிலிருந்து தடைக்கு எப்படி வந்தோம்? 1925இல் ஜெனீவாவில் நடந்த அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி கஞ்சா வகைகளையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். பிரிட்டிஷ் இந்தியா தயங்கியது. 1937இல் அமெரிக்கா மரிஹுவானா வரிச் சட்டம் கொண்டுவந்தபோது அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சார்பில் வந்த வில்லியம் உட்வர்ட் அதை எதிர்த்துச் சாட்சி சொன்னார். மெக்சிகோக் கூலிகளின் வாய்ச்சொல்லான அந்தப் பெயரில் சட்டம் வந்ததால், தாங்கள் பல ஆண்டுகளாக மருந்தாக எழுதிக்கொடுத்த சரக்குத்தான் இது என்பதே மருத்துவர்கள் பலருக்குத் தெரியவில்லை. சட்டம் நிறைவேறியது. 1972இல் நிக்சன் தானே அமைத்த ஷாஃபர் ஆணைக்குழு, சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமாக இருக்க வேண்டியதில்லை என்றது. நிக்சன் அதைக் கிடப்பில் போட்டார். கேட்பது ஒரு சடங்கு, முடிவு வேறிடத்தில் என்ற வழக்கம் உலகளாவியது.

நம் மாகாணத்தில் அதே 1937இல் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. அக்டோபர் முதல் தேதி சேலத்தில் தொடங்கியது. அந்தச் சட்டம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டுமானது என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் 'போதை மருந்து' என்ற வரையறைக்குள் கஞ்சாச் செடியின் பூவும் வருகிறது, இலையும் வருகிறது. 1948 அக்டோபரில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு மது, போதை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, விலக்குவது அரசின் கடமை என்றது.

பிறகுதான் வேடிக்கை. ஒரே வாக்கியத்தில் இருந்த இரண்டில் ஒன்று வெளியே வந்துவிட்டது. 1971இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1974இல் திரும்ப வந்தது, பிறகு மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003இலிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. கஞ்சா மட்டும் உள்ளேயே கிடந்தது. ஏன்? மது கெடுதல் குறைந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. 2019இல் எய்ம்ஸ் மையம் மத்திய அரசுக்காகச் செய்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி மது அருந்துவோர் சுமார் 16 கோடி, அதனால் சிக்கலில் இருப்போர் 5.7 கோடி. கஞ்சா, பங்கு வகைகளை அதற்கு முந்தைய ஓராண்டில் பயன்படுத்தியோர் சுமார் 3.1 கோடி, சிக்கலில் இருப்போர் 72 லட்சம். வித்தியாசம் கெடுதலில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மதுவுக்கு ஆலை உண்டு, முதலாளி உண்டு, வரி உண்டு. செடிக்கு அப்போது யாருமில்லை.

5

1961ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தில், மருத்துவம் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இந்தியா 1964 டிசம்பரில் அதை ஏற்றது. கெடு நெருங்கிய நிலையில், 1985 ஆகஸ்டில், சில நாட்களுக்குள் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 14 முதல் நடைமுறை. 1893இல் அந்நிய அரசு 1193 பேரைக் கேட்டது. 1985இல் சுதந்திர அரசு யாரையும் கேட்கவில்லை. ஒரு மாகாணத்துக்குக்கூட கேள்விப் பட்டியல் போகவில்லை.

சட்டம் செடியை உறுப்பு உறுப்பாகப் பிரித்தது. பிசின் சரஸ், பூக்கும் காய்க்கும் நுனி கஞ்சா - இவை குற்றம். தனியாக இருக்கும் இலையும் விதையும் மத்தியச் சட்டத்துக்கு வெளியே. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பங்கு கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன. அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வருகிற பையனுக்கு, ஊரில் ஹோலிக்குக் குடித்த பங்கு இங்கே 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று யார் சொல்வது? பத்திரிகைகளில் 'கஞ்சா சாக்லேட்' பறிமுதல் என்று வரும் செய்திகளை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

1985இன் சட்டத்தில் கஞ்சாவுக்கு அதிகபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு. 2001இல் திருத்தம் வந்தது. அளவுக்கேற்ற தண்டனை, சிறு குற்றவாளிக்குச் சலுகை, மனிதாபிமானம் என்றெல்லாம் அது வரவேற்கப்பட்டது. அதன்படி ஒரு கிலோ வரை சிறு அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு, கூடினால் இருபது, ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஐந்து ஆண்டுக்கு மேல் போக முடியாதிருந்த இடத்தில் பத்து ஆண்டு அடிமட்டமானது. ஹெராயினுக்குச் சலுகை தந்த திருத்தம் கஞ்சாவுக்குக் கடுமையானது. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேச வேண்டியவர்கள் கஞ்சா சுமக்கிறவர்கள் இல்லையே.

இந்த எடைக்கல்லை எளாவூர் சாவடியில் வைத்துப் பாருங்கள். விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் விளைவிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். ஆந்திரக் காவல்துறையின் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' அவர்கள் நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ எரிக்கப்பட்டது. விளைந்ததைச் சுமக்கிறவன் தோள்பையோடு ரயிலில் வருகிற கூலி. பையில் இருபத்தொரு கிலோ இருந்தால் பத்து வருடம். பத்தொன்பது என்றால் கணக்கு வேறு. அவனுக்குத் தராசு எதிலே நிற்கிறது என்பதே தெரியாது. சரக்கின் சொந்தக்காரன் ரயிலில் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' 2.0, 3.0 என்று தொடர்ந்தது. வேட்டை என்ற சொல்லையே கவனியுங்கள். வேட்டையில் மாட்டுவது ஓடத் தெரியாத மிருகம்தான்.

'கஞ்சா கேஸ் போட்டுடுவேன்' என்ற சொற்றொடர் இருக்கிறதே, அதுவே ஒரு சமூக ஆவணம். சேரியிலும் குப்பத்திலும் சங்கம் வைக்கிற ஆலையிலும் அது மிரட்டலாகப் புழங்குகிறது. போதைக் குற்றவாளியை விசாரணையில்லாமல் ஓராண்டு அடைத்துவைக்க 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் கைவசம் உண்டு. கஞ்சா, காவல் நிலையத்தின் மேஜை இழுப்பறையிலிருந்து தேவைப்படும்போது எடுத்து யார் பையில் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய பொருளாக மக்கள் கற்பனையில் பதிந்திருக்கிறது. எல்லா வழக்கும் பொய் வழக்கு என்று நான் சொல்லவில்லை. பொட்டலம் ஒன்று இருந்தால் போதும், வேறு சாட்சி தேவையில்லை என்ற சட்ட அமைப்பு இப்படிப்பட்ட கற்பனைக்கு இடம் கொடுக்கிறது என்கிறேன்.

யார் இழுத்தால் என்ன பெயர் என்பதிலும் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன. பாரதிக்கு இந்தப் பழக்கம் இருந்ததை அவரோடு பழகியவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைக் கவியின் பித்து என்று நாம் மன்னித்துவிட்டோம். சாமியார் மடத்தில் புகைந்தால் சிவ மூலிகை. ஐடி கம்பெனிக்காரன் கொடைக்கானலில் புகைத்தால் அனுபவம். உலைக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் புகைத்தால் கேஸ்.

6

இன்று தொழில்முறைக் கருத்துகள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன? மனநல மருத்துவர்களில் பலர், இன்னொரு போதையைச் சந்தையில் இறக்காதே, டாஸ்மாக்கில் பட்டது போதாதா என்கிறார்கள். அதே மருத்துவர்களில் சிலர், பயன்படுத்துகிறவனைச் சிறைக்கு அனுப்புவதால் சிகிச்சைக்கு வருகிறவனும் வராமல் போகிறான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. காவல்துறை, கஞ்சாதான் மற்ற குற்றங்களின் வாசல் என்கிறது. வழக்கறிஞர்கள், சட்டத்தின் நடைமுறை விதிகளைக் காவல்துறையே மீறுவதால் பெரிய வழக்குகள் உடைகின்றன, சின்னவர்கள் ஒப்புக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்கிறார்கள். சித்த மருத்துவர்களின் குறை வேறு. பாடத்தில் இருக்கிற மூலிகை, மருந்துச் சட்டத்தின் நச்சுப்பொருள் அட்டவணையிலும் இருக்கிறது, கையில் மட்டும் கிடைப்பதில்லை. ஆலைப் பாதுகாப்பு அதிகாரிக்கு இன்னொரு கவலை. மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. கஞ்சாவுக்குச் சிறுநீர்ச் சோதனை செய்தால் போன வாரம் இழுத்ததையும் காட்டும், இந்த நிமிடம் போதையில் இருக்கிறானா என்று காட்டாது. ரோலிங் மில்லில் இது உயிர் போகிற விஷயம்.

அரசுக்குள்ளேயே ஒரே குரல் இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கலாமா என்று வாக்கெடுத்தது. 27க்கு 25 என்ற கணக்கில் தீர்மானம் வென்றது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2021இல் மத்திய சமூக நீதித் துறை அமைச்சகம், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. வெளியில் ஒரு வாக்கு, உள்ளே ஒரு பரிந்துரை, தெருவில் வேட்டை.

சட்டபூர்வமாக்கச் சொல்பவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. எதை? பயன்படுத்துகிறவனைத் தண்டிக்காமல் விடுவது ஒன்று. கம்பெனிகளுக்குச் சந்தையைத் திறந்துவிடுவது முற்றிலும் வேறு. கனடா திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கான்ஸ்டலேஷன் என்ற மது நிறுவனம் அங்கத்திய கஞ்சாக் கம்பெனி ஒன்றில் சுமார் 400 கோடி டாலர் போட முன்வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிகரெட் நிறுவனமான ஆல்ட்ரியா இன்னொரு கம்பெனிக்குள் நுழைந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை விலக்கியது. தெருவெங்கும் கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பிப் போனது. நம் நாட்டில் உத்தரகண்ட் 2018இல் போதையற்ற சணல் வகைக்கு உரிமம் தரத் தொடங்கியது. நாளைக்கு இங்கே திறந்தால் உரிமம் யாருக்குப் போகும்? விசாகப்பட்டினத்து ஆதிவாசிக்கா? அவன்மேல் ஏற்கெனவே வழக்கு இருக்கிறதே. நேற்றுவரை குற்றவாளியாக இருந்தவனை வெளியே நிறுத்திவிட்டு அவன் செடியை மட்டும் உள்ளே கொண்டுபோகிற சட்டபூர்வம் எனக்குச் சம்மதமில்லை.

7

இந்த விவாதத்தில் எப்போதும் விடுபடுகிற சாட்சி பெண். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், அன்றைய நெல்லூர் மாவட்டத்தில்தான் தூபகுண்டா கிராமம் இருக்கிறது. 1992இல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பிய ஊர். அது மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அரசு அதைத் தளர்த்தியது. அந்தப் பெண்கள் ஒழுக்கம் பேசவில்லை. வீட்டுக்கு வர வேண்டிய கூலி கடைக்குப் போகிறது, திரும்பி வருகிறவன் அடிக்கிறான் என்று பேசினார்கள். போதை அவர்களுக்குக் கூலிப் பிரச்சினை.

கஞ்சா விஷயத்தில் இந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரே பதில் வராது என்று நினைக்கிறேன். சாராயம்போல் அடிதடி இல்லை, சும்மா கிடப்பான் என்று ஒருத்தி சொல்லலாம். படிக்கிற பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான், பிடித்து உள்ளே போடுங்கள் என்று இன்னொருத்தி சொல்லலாம். அவன் உள்ளே போய் இரண்டு வருஷம் ஆச்சு, ஜாமீனுக்குப் புழலுக்கும் கோர்ட்டுக்கும் அலையிறது நான்தான் என்று மூன்றாமவள் சொல்லலாம். போதைக்கு எதிரான அவர்கள் கோபத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிட்டு நாம் விடுதலை பேசினால், அந்தப் பேச்சு ஆண்களின் திண்ணைப் பேச்சாகத்தான் முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1894இன் அறிக்கை, தடுத்தால் மோசமானதற்குப் போவார்கள் என்றது. வடசென்னையிலும் திருவள்ளூர்ப் பக்கமும் இளைஞர்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாகச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. மலிவாகக் கிடைத்த விஷச் சாராயத்துக்கு 2023 மே மாதத்தில் மரக்காணமும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியும் பலி கொடுத்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். கஞ்சா வேட்டைதான் மாத்திரைக்குக் காரணம் என்று நான் அறுதியிடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, ஊர் ஊராக விசாரித்துப் பதில் தேட வேண்டிய பொறுப்பு வேட்டை நடத்துகிற அரசுக்கு இருக்கிறது. பறிமுதல் கணக்கு போடுகிற அரசு இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

8

என் நிலைப்பாட்டை மறைத்துவைக்க வேண்டியதில்லை. பயன்படுத்துகிறவனுக்குச் சிறை கூடாது. சுமக்கிற கூலிக்கும் சரக்கின் சொந்தக்காரனுக்கும் ஒரே எடைக்கல் கூடாது. 2001இல் ஏறிய தண்டனை இறங்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு, சித்த மருத்துவம் உட்பட, ஒழுங்கான வழி வேண்டும். கம்பெனிக் கடை வேண்டாம், இன்னொரு டாஸ்மாக்கும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் காப்பாற்றுவதை போலீஸிடம் விட்டுவிடாமல் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எடுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் எட்டு மணியானால், குறைகிற போதை எவ்வளவு என்பதையும் ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

இவற்றில் பலவற்றை நண்பர்கள் மறுப்பார்கள். மறுக்கட்டும். பெண்கள் அமைப்புகளில் இருப்பவர்கள் நான் இளக்காரமாகப் பேசுவதாக நினைக்கலாம். சட்டபூர்வ ஆதரவாளர்கள் நான் பாதி வழியில் நின்றுவிட்டதாக நினைக்கலாம். அந்த விவாதம் தமிழில், தொழிற்சங்கக் கூட்டங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும், இதுபோன்ற பக்கங்களிலும் நடக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அரசு ஆணைக்குழு அமைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எழுபது கேள்விகள் நம்மாலும் எழுத முடியும். ஒடியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் மொழிபெயர்த்து, சிப்காட் லைன் வீடுகளிலும் புழல் சிறை வாசலில் மனுப் போட நிற்கிற பெண்களிடமும் ஆரம்பாக்கம் ரயிலடியிலும் கேட்க முடியும். முதல் கேள்வியாக, எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்கலாம். கஞ்சா பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.